நியுவே தீவின் ஒரே கைதி

தோகியாவை முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு அவர் காவலரா கைதியா என்று பிடிபடாது. பசிபிக் கடலிலுள்ள குட்டித் தீவான நியுவேயின் சிறை முற்றத்தில், அங்கிருந்த ஒரே கைதியான ஃபிசாவோடு சரிக்குச் சரி உட்கார்ந்து சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பார். இருவரும் ஹக்குப்பு ஊரில் ஒன்றாக வளர்ந்தவர்கள். குடித்துவிட்டு வண்டியோட்டித் தேவாலயச் சுவரை இடித்ததற்காக ஃபிசா உள்ளே வந்திருந்தார்.

ஒருநாள் காலை வானொலியில், எந்தெந்த நாட்டில் லட்சம் பேருக்கு எத்தனை கைதிகள் என்று வாசித்தார்கள். தீவில் இருப்பதே ஆயிரத்து அறுநூறு பேர்தான் என்பதால், ஒரே கைதியை வைத்தே நியுவேக்கு அறுபதுக்கும் மேல்; ஜப்பானைவிட அதிகமாம்.

ஃபிசாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "என் ஒருத்தனால ஊரு மானமே போச்சேடா. வெளிய வந்ததும் ஆக்லாந்துக்கு, மக வீட்டுக்கே போயிடறேன்."

"போடா மடையா! உன்னாலயா ஏறிச்சு? நாம சின்னப் பசங்களா இருந்தப்ப பள்ளிக்கூடத்துல உக்கார இடம் கெடைச்சுதா? இப்ப பாதி வீடு பூட்டிக் கெடக்கு. நியூசிலாந்துக்குப் போனவங்கல்லாம் இங்கயே இருந்திருந்தா, நீ ஒருத்தன் அந்தக் கணக்குல கண்ணுக்கே தெரிஞ்சிருக்க மாட்டே."

"அது சரி. ஞாயித்துக்கிழமை பாதிரியார் என் மூஞ்சியத்தானே பாப்பாரு?"

தோகியாவுக்குச் சிரிப்பு வந்தது. விடியலில் முட்டி மோதிக்கொண்டு படகுகள் கடலில் இறங்கிய அந்தக் காலமும் நினைவுக்கு வந்தது.

"நீயும் போயிட்டா என் படகுல யாருடா துடுப்புப் போடுவா?"

ஃபிசா அடுத்த கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

தண்டனை முடிந்த வாரமே அவர் விமானம் ஏறினார். இப்போது ஆக்லாந்தில் மகளோடு இருக்கிறார். தோகியா நியுவேயில்தான் இருக்கிறார். சிறையில் கைதி யாரும் இல்லை.