தொலைந்த ரௌட்டரும் அத்தானின் நம்பரும்

அந்த ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது வேலை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாது. போனில் பேசும்போதுகூட வராந்தாவை அளந்துகொண்டே பேசுவாள்.

அன்று காலை அவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை, மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"எந்த பிராஞ்சும் லைன்ல வரல. ஒரு ரிசல்ட் போகல. டாக்டருங்க போன் மேல போன் போட்டு உயிரை வாங்குறாங்க!"

சர்வர் அறையில் கருகிய வாடை. பெரிய சர்வர் செத்துக் கிடந்தது. டிஸ்க்குகளும் கூடவே போயிருந்தன. பேக்கப் இருந்ததால் ரிசல்ட் மென்பொருளும் பில் போடும் மென்பொருளும் மாற்று சர்வரில் எழுந்து உட்கார்ந்தன. ரௌட்டர் மட்டும் வரவில்லை. கிளைகளையெல்லாம் தலைமை அலுவலகத்தோடு இணைத்த அந்த ரௌட்டர் தனிப் பெட்டி அல்ல. செத்த சர்வருக்குள்ளேயே மென்பொருளாக ஓடிக்கொண்டிருந்தது. தற்காலிகம்தானே என்று யாரோ அதை ஏற்றி, பேக்கப்பில் சேர்க்காமலே விட்டிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, அவளுடைய அத்தான்தான், அக்கா புருஷன். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனவர். போன வருஷம் அக்கா பெட்டியும் கையுமாக வீட்டுக்கு வந்து நின்றதிலிருந்து அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

புதிதாக ஒரு ரௌட்டரை ஏற்றிவிட்டாள். ஆனால் அது பச்சைக் குழந்தை. எந்தக் கிளை எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு மாதிரியான ரகசியச் சாவி எது, யாரை உள்ளே விடலாம், ஒன்றும் தெரியாது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தான் நம்பரை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். மேனேஜர் மூன்றாவது முறை எட்டிப் பார்த்ததும் அழுத்தியேவிட்டாள்.

"அத்தான், நான்தான்."

"என்னம்மா? வீட்ல எல்லாரும்..."

"வீட்டு விஷயம் இல்ல. ஆபீஸ் சர்வர் போச்சு. நீங்க போட்ட ரௌட்டர் செட்டிங் காப்பி எங்கயாவது இருக்கா?"

"பேக்கப்ல சேர்க்கலையா நான்?"

"சேர்க்கல."

"என் தப்புதான். என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. ஆனா பிராஞ்ச் ரௌட்டரெல்லாம் நல்லாத்தானே இருக்கு? அதுல இருக்கறத அப்படியே திருப்பிப் போடு. சாவி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

இது நமக்கு உறைக்கவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. "சரி, வைக்கிறேன்."

"இரும்மா. அக்கா..."

"நல்லா இருக்கா," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மொபைல் இணையம் வழியாக ஒவ்வொரு கிளை ரௌட்டருக்குள்ளும் நுழைந்து, அங்கே இருந்ததைத் திருப்பிப் புது ரௌட்டரில் எழுதினாள். முதல் கிளை உயிர்பெற்றதும் லேபில் கைதட்டினார்கள். அடுத்தது மக்கர் செய்தது. சாவியில் பூஜ்யத்தை ஆங்கில ஓ என்று படித்துத் தொலைத்திருந்தாள். மண்டையில் அடித்துக்கொண்டு திருத்தினாள். யாருக்கு எதைத் திறந்துவிட வேண்டும் என்பது கிளை ரௌட்டர்களிலும் இல்லை. பிரிண்டர் வேலை செய்யவில்லை, போன் செத்துவிட்டது என்று ஆட்கள் கத்தக் கத்த, ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். சாயங்காலத்துக்குள் ரிசல்ட்டுகள் போயின. செட்டிங்கை வெவ்வேறு இரண்டு இடங்களில் சேமித்து, திறந்தும் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே சொல்லலாமா வேண்டாமா என்று குடைந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு அத்தான்கிட்ட பேசினேன்க்கா."

அக்காவின் கை நின்றது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆபீஸையும் அப்படித்தான் அரைகுறையா விட்டுட்டுப் போனாரா?" என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது.

"என்னப் பத்தி கேட்டாரா?"

"ஆரம்பிச்சார். 'நல்லா இருக்கா'ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன்."

"அவர் எப்படி இருக்கார்னு நீ கேக்கலையா?"

தங்கைக்கு அது தோன்றவே இல்லை. "நீயே கேளேன்," என்று போனை நீட்டினாள்.

அக்கா வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.