நளீபாவின் அலுமாரி

நமசிவாயமும் ராசிக்கும் கொழும்புக் கோட்டையில் ஒரே கப்பல் கம்பனியில் கிளாக்கர்மார். இருவருக்கும் வீடு வெள்ளவத்தையில். காலையிலும் ஒரே ரயில், மாலையிலும் ஒரே ரயில். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, மின்மோட்டரில் ஓடும், மரம் அறுக்கிற சின்ன வாள்மேசை ஒன்றை இருவருமாகச் சேர்ந்து எடுத்தார்கள். அது நமசிவாயத்தின் வீட்டுப் பின்கொட்டிலுக்கு வந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேரையும் அங்கேதான் தேடவேண்டும்.

மேசையோடு வந்தது ஒரே ஒரு வட்டவாள். பெரிய பற்கள், அதுவும் கொஞ்சம்தான். பலகையை இழையோடு நெடுக்காகப் பிளக்க அது நல்லது. குறுக்காக வெட்டினால் அடிப்பக்கம் பிய்ந்துவிடும். ராசிக் மருதானையில் கடை கடையாக ஏறி, குறுக்கு வெட்டுக்கென்று பொடிப்பல் வாள் ஒன்று வாங்கி வந்தார். வாளை மாற்றுவதென்றால் மோட்டர்ப் பட்டியைத் தளர்த்தி, நட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டவேண்டும். அதோடு ராசிக் விடமாட்டார். பலகையை அணைத்துத் தள்ளுகிற இரும்புச் சட்டம் வாளுக்கு நேராக நிற்கிறதா என்று முன்னாலும் பின்னாலும் அளப்பார். கழிவுத் துண்டொன்றை வெட்டிப் பார்ப்பார். பிறகு இன்னொன்று. நமசிவாயம் தேத்தண்ணியோடு குந்தியிருந்து பகிடி பண்ணுவார்.

"நீர் வெட்டுறதை விட அளக்கிறதுதான் கூட."

"அளக்கிறதுக்கு மரம் செலவாகாதே," என்பார் ராசிக்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்றில் ராசிக்கின் மகள் நளீபாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. அவளுக்குத் தன் கையாலேயே அலுமாரி செய்து கொடுக்க அவர் ஆசைப்பட்டார். கதவுகள் இரண்டையும் ஒரே தேக்குப் பலகையில் எடுப்பதாக ஏற்பாடு. சேர்த்து மூடினால் மரத்தின் இழை ஒரு கதவிலிருந்து மற்றதுக்கு அப்படியே ஓடவேண்டும்.

ஒரு ஞாயிறு நெடுக்கு வெட்டு முடிந்ததும் ராசிக் பின்னேர அஸர் தொழுகைக்குப் போனார். வரும்போது கதவுகள் வெட்டித் தயாராக இருந்தால் மனுசனுக்கு எவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று நமசிவாயம் நினைத்தார். வாளை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பட்டியைக் கழற்றுகிற கரைச்சலை நினைத்ததும் கை ஓடவில்லை. மெல்லத் தள்ளினால் சரிவரும் என்று, பெரிய பல் வாளிலேயே தள்ளினார். மேல்பக்கம் அழகாகத்தான் வந்தது.

ராசிக் வந்து பலகையைப் புரட்டினார். அடிப்பக்க விளிம்பு நெடுகத் தும்பு தும்பாகப் பிய்ந்திருந்தது.

"நான் வந்த பொறகு வெட்டியிருக்கலாந்தானே," என்றார்.

பிழைதான் என்று சொல்ல நமசிவாயத்துக்கு வாய் வரவில்லை. "மெழுகு வைச்சு அடைச்சால் ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உம்மோட சேர்ந்து வேலை செய்தால் நளீபாவின்ரை பிள்ளைக்குத்தான் அலுமாரி கிடைக்கும்."

ராசிக் ஆணியில் தொங்கிய பொடிப்பல் வாளைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலை ரயிலில் அவர் முன்பெட்டியில் ஏறினார். நமசிவாயம் வழக்கமான பெட்டியில் தனியாக இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு போனார். கம்பனிக் கந்தோரில் வேலைக்கதை மட்டும். "ஒருக்காப் போய்க் கதையுங்கோவன்," என்று மனைவி சிவபாக்கியம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். "அவர் வரட்டும்," என்பதுதான் மறுமொழி. மாதங்கள் போயின.

அடுத்த வருசம் சித்திரையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். சனம் அள்ளுப்பட்டு ஊரூராக ஓடியது. நமசிவாயமும் நீண்ட லீவு எடுத்துக் குடும்பத்தை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது ராசிக்கின் மேசையில் வேறொருவர் இருந்தார். நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டாராம். தெகிவளைப் பள்ளி மையவாடியில் அடக்கி இரண்டு கிழமையாகிவிட்டதாம். கந்தோர்ப் பியோன்தான் சொன்னான். ராசிக்கின் வீடு பூட்டிக் கிடந்தது. விதவை பலீலா மருதானையில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நமசிவாயம் நெடுநாள் கொட்டிலைத் திறக்கவில்லை. திறந்த அன்று அந்தத் தேக்குப் பலகைகள் சுவரோடு சாத்தியபடியே நின்றன. யுத்தகாலம், வாள் ஒன்றும் வருவதில்லை. மருதானைப் பட்டறைகளில் கேட்டுக் கேட்டு, பழைய பொடிப்பல் வாள் ஒன்று தேடிப் பிடித்து அராவுவித்தார். சட்டத்தை முன்னாலும் பின்னாலும் அளந்தார். கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்தார். பிய்ந்த விளிம்பை எடுத்துவிட அரை அங்குலம் போதுமாயிருந்தது. அலுமாரியை உயரத்தில் அவ்வளவு கட்டையாகச் செய்தால் முடிந்தது அலுவல். இரண்டு பேரில் ஒருவருக்காவது அன்றைக்கு அது தோன்றவில்லையே என்று மரத்தூளுக்குள் அப்படியே குந்திவிட்டார்.

அலுமாரியைச் செய்து முடித்ததும் மாட்டுவண்டியில் ஏற்றி மருதானைக்குக் கொண்டுபோனார். பலீலா குடியிருந்தது தமையன் வீட்டின் ஒடுங்கிய படிக்கட்டுக்கு மேலே, ஓர் அறையில். திரைக்குப் பின்னால் நின்று கதைத்தாள்.

"நளீபாட கலியாணம் அவர் படுக்கையில ஈக்கிற நேரமே முடிஞ்சிட்டு. அவ இப்ப காலியில. இத வெக்க இங்க எடமில்ல. படியாலயும் ஏறாது. ஒங்களப் பத்தி அவர்ட்ட நான் எந்த நாளும் கேப்பன், ஏன் வாரல்ல எண்டு. ரயில்ல கண்டன், நல்லா ஈக்கிறார், வேல கூட எண்டு சொல்லுவார். காய்ச்சலுக்க, ஒங்களுக்கு ஆள் அனுப்பவா எண்டும் கேட்டன். யாழ்ப்பாணம் போயிட்டார், திரும்பினா வருவார் எண்டார்."

நமசிவாயம் "ஓம், வேலை கூடத்தான்," என்று மட்டும் சொன்னார்.

வண்டி அலுமாரியோடு வெள்ளவத்தைக்குத் திரும்பியது. சிவபாக்கியம் வாசலுக்கு வந்தாள்.

"ஏன், அவை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினமோ?"

"படியாலை ஏறேல்லை," என்றார் நமசிவாயம். வண்டிக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, எங்கே இறக்குவது என்று கேட்டான். அவர் அவனைப் பார்க்கவில்லை. "நான் யாழ்ப்பாணம் போனது அவருக்குத் தெரிஞ்சிருக்குது, சிவபாக்கியம்," என்றார். "என்னை விசாரிச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்."