முப்பது தொட்டிக் கெண்டைகள்

ஜாபேஸ் கெட்டவர் என்று பாளையங்கோட்டையில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு கெட்டவன் ஒரு பெண்ணின் ஆறு வருச உழைப்பைக் குட்டிச்சுவராக்கினால் நாலு வசவு வைதுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இந்த மனுசனை என்ன சொல்லி வைய?

கல்லூரியில் விலங்கியல் துறை அட்டெண்டர். இருபத்தேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பத்தைந்து. கண்ணாடித் தொட்டி கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, செய்முறை வகுப்புக்கு மீனும் தவளையும் கொண்டுவந்து வைப்பது, இதுதான் ஜோலி. அவர் சேர்ந்த புதிதில் ஒரு துறைத்தலைவர் இருந்தார். எமகாதகன். தொட்டியில் இருபது மீன் இருக்கவேண்டிய இடத்தில் பத்தொன்பது இருந்தால் போச்சு, பையன்கள் பார்க்க வராந்தாவில் நிறுத்தி வைத்துக் காய்ச்சி எடுத்துவிடுவார். அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். ஒன்று செத்தால் மணி அடிப்பதற்குள் இன்னொன்றைக் கொண்டுவந்து போட்டுவிடுவார் ஜாபேஸ். செத்ததையும் யாரும் பார்த்ததில்லை, வந்ததையும் யாரும் கேட்டதில்லை. ஃபியூஸ் போன பல்பை மாற்றியவன் அதைப் போய் யாரிடமாவது சொல்லிக்கொண்டா இருப்பான்? 'ஜாபேஸ் கை பட்டா உசுரு நிக்கும்' என்று துறையில் ஒரு பேர். கேட்டுக் கேட்டு அவருக்கே அது பாதி உண்மையாகிவிட்டது.

ஜாய்சி ஆறு வருசத்துக்கு முன் வந்து சேர்ந்தாள். பெரியதாழைப் பக்கத்துப் பிள்ளை. அப்பா தொம்மைக்குக் கடலில் மீன்பிடி வள்ளம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்க அந்தத் தெருவிலிருந்து கிளம்பிய முதல் ஆள் இவள்தான். வந்த இரண்டு சம்பந்தத்தைத் தட்டிவிட்டாள். இப்போது வயது முப்பத்தொன்று.

மீனுக்குக் குணம் உண்டா, அந்தக் குணம் மாறுமா என்பது அவள் ஆராய்ச்சி. பாளையங்கால்வாயில் பிடித்த முப்பது கெண்டை, முப்பது தொட்டி, கண்ணாடியில் ஒன்றிலிருந்து முப்பது வரை நம்பர். பத்து நாளைக்கு ஒருதரம் ஒவ்வொரு மீனையும் நீளமான தொட்டி ஒன்றில் விடுவாள். ஒரு மூலையில் இருட்டுப் பெட்டி. பெட்டியின் கதவைத் திறந்தால் மீன் வெளியே வர எத்தனை வினாடி ஆகிறது என்பதை மேலே இருக்கும் கேமரா எடுத்துக்கொள்ளும். இப்படியே இரண்டு வருசம்.

"மீனுக்குப் போயி குணமா?" என்று ஜாபேஸ் சிரித்தார்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்கு இருக்கு, எனக்கு இருக்கு, அதுக்கு இருக்கக் கூடாதா? இந்தா, பதினொண்ணப் பாருங்க. கண்டக்டர் மாதிரி முன்னால வந்து நிக்குது. ஆறாம் நம்பர் அஞ்சு நிமிசமானாலும் வெளிய வராது, அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி."

மூன்றாம் மாதம் பதினேழாம் தொட்டி மீன் செத்தது. ஜாய்சி கண்ணீர் விட்டாள். கூடை கூடையாய் மீனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஒரு கெண்டைக்காகவா அழுகை? இல்லை. மீன் இருபத்தைந்துக்குக் கீழே போனால் அத்தனையும் வீண் என்று அவளுடைய கைடு சுந்தர் சார் சொல்லியிருந்தார். பக்கத்தில் வாளியோடு நின்ற ஜாபேஸ் காதில் அதுவும் விழுந்தது, அவள் கண்ணீரும் தெரிந்தது. அவ்வளவுதான், விதி அங்கே பிடித்தது.

அடுத்து ஆறாம் தொட்டி மீன் ஒரு காலையில் ஒருச்சாய்ந்து மிதந்தது. ஜாய்சி வருவதற்குள் அதைத் தாளில் சுற்றி எறிந்தார். முந்தின வாரமே ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறி, அணைக்கட்டுக்குக் கீழே வலை வீசும் பிச்சைக்கண்ணுவிடம் விரல் நீளக் கெண்டையாகப் பத்து வாங்கிவந்து, பழைய சாமான் கிடக்கும் பின்னறையில் ஒரு தொட்டியில் போட்டு வைத்திருந்தார். அந்த அறைச் சாவி அவரிடம் மட்டும்தான். அதில் ஒன்றைப் பிடித்து ஆறில் விட்டார். எல்லாம் தாமிரபரணித் தண்ணிதானே என்று நினைத்துக்கொண்டார். அன்று ஜாய்சி வந்து எண்ணிப் பார்த்து, "ஸ்தோத்திரம், எல்லாம் இருக்கு" என்றபோது அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பிறகு ஒவ்வொரு தரமும் அப்படித்தான்.

கணக்கெல்லாம் முடித்து அவள் ஆய்வேடு எழுத உட்கார்ந்த வருசம், ஒரு நாள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினாள்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி, இந்தக் கோட்ட! ஆறாம் நம்பர். அஞ்சு மாசம் முந்நூறு வினாடி. திடீர்னு ஒரு நாள் இருபது வினாடி. அப்புறம் கடைசி வரைக்கும் அப்படியேதான். ஒம்பதும் இப்படி, பதினாலும் இப்படி. பயந்தாங்கொள்ளி ஒரே நாள்ல தைரியசாலி ஆயிருது! எங்கயும் யாரும் இதப் பாத்தது இல்லயாம். சுந்தர் சார் ராத்திரி தூங்கவே இல்லயாம்."

ஜாபேசுக்கு உடனே புரிந்துபோயிற்று. கால்வாய் மீன் அசையாத தண்ணீரில் ஒதுங்கிக் கிடந்தது. அணைக்கட்டு மீன் வெள்ளத்தை எதிர்த்து ஏறிப் பழகியது, கதவைத் திறந்தால் பாயத்தான் செய்யும். இதைப் புரிந்துகொள்ள டாக்டர் பட்டம் வேண்டுமா என்ன? ஆறாம் நம்பர் மாறவில்லை. ஆறாம் நம்பர் என்றைக்கோ செத்துப்போயிற்று.

"நன்றியுரையில மொத பேரு ஒங்க பேருதான்" என்றாள் அவள்.

பதினொரு நாள் மென்று முழுங்கினார். கோயிலில் எல்லாரும் பாட, இவர் வாய் திறக்காமல் நின்றார். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு தரம் அவகாசம் வாங்கியாயிற்று, இனி ஒரு நாள் கூட்டித்தர மாட்டார்கள். சொல்லாமல் விட்டுத்தொலைத்திருக்கலாம். சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து ஒரு கவளம் எடுத்த நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்தபின் கவளத்தைத் திரும்ப தூக்கிலேயே போட்டாள்.

"எத்தன?"

"பத்து இருக்கும்மா. பன்னெண்டு… இருந்தாலும் இருக்கும்."

"எதெது?"

அவர் விரலை மடக்கி எண்ணப் பார்த்தார், மூன்றுக்கு மேல் போகவில்லை.

விசயம் காதுக்குப் போனதும் சுந்தர் சார் மேசையில் ஓங்கி அடித்தார். "உமக்கு மூள இருக்கா வே? அந்தப் பிள்ள தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீரே!" கத்தி ஓய்ந்த பிறகு கொஞ்சம் நிதானித்தார். "சரி. எந்தத் தொட்டி, எந்தத் தேதின்னு சொல்லும். கோட்டப் பாத்து நாமளாக் கண்டுபிடிக்க முடியாது, தைரியமான மீனு செத்த எடத்துல கோடு மாறியே இருக்காது. அதுகள நீக்கிட்டு மிச்சத்த வச்சு எழுதலாம். இருபத்தஞ்சு இல்லாட்டியும், பதினெட்டு நின்னாக்கூட சின்னதா ஏதோ தேறும். ஆனா ஒண்ணு தப்பாச் சொன்னாலும் மொத்தமும் போச்சு, பாத்துக்கிடும்."

ஆக, ஒரு பெண்ணின் ஆறு வருசம் ஜாபேசின் ஞாபகத்தில் வந்து தொங்கியது. ஆண்டவரே, ஞாபகம் வைக்கவேண்டிய விசயம் என்றே அவர் நினைக்காத விசயம் அது.

இரண்டு நாள் வருகைப் பதிவேட்டையும் காலண்டரையும் விரித்து வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆறு, நிச்சயம். ஒன்பது, கிறிஸ்துமஸ் கழிந்த வாரம். பதினாலு, பெருமழை பெய்த அன்று. ஜாய்சி ஒவ்வொன்றாக எழுதினாள், முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் இருபத்திரண்டில் வந்து நின்றது. ஜாபேஸ் யோசித்தார். அவளைப் பார்த்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத முகம். அதற்கு ஏதாவது கொடுத்தாகவேண்டும் போல இருந்தது அவருக்கு.

"ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள். திங்கக்கெழம. காலைல ஒம்போது மணி இருக்கும்" என்றார்.

எழுதப்போன கை நின்றது.

"அன்னைக்கு நீங்க லீவு அண்ணாச்சி. சாத்தான்குளத்துல கல்யாணம்னு போனிய. நான்தான் தண்ணி மாத்துனேன்."

"அப்ப… செவ்வாயா இருக்கும்மா."

"பதினாலு? மழ அன்னைக்குன்னு சொன்னியள்லா, அது நெசமா?"

அவர் காலண்டரைப் புரட்டினார்.

"ஒங்களுக்கு நெனப்பிருந்து சொல்லுதியளா, இல்ல நான் அழுதிருவேன்னு சொல்லுதியளா?"

அவருக்கே தெரியவில்லை என்பதுதான் நிசம். ஜாய்சி நோட்டை மூடினாள். பைய மூடினாள், ஒரு சத்தமும் வரவில்லை.

"எழுதினபடியே குடுத்துரு ஜாய்சி, நம்ம மூணு பேருக்குத்தான தெரியும்" என்றார் சுந்தர் சார். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு எங்கனயோ ஒருத்தி இத நம்பி அஞ்சு வருசம் தொட்டி கழுவுவா சார். அவளுக்கு ஒண்ணும் வராது. தான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சுக் குமைவா."

கொடுக்கவில்லை. தேதி வந்தது, போயிற்று.

ஜாபேஸ் அவள் முன்னால் போய் நின்றார். "வையி தாயி. செருப்பக் கழத்தி அடி."

"வைய வாய் வரல அண்ணாச்சி" என்றாள் ஜாய்சி. அழவும் இல்லை. "சொல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். ஏன் சொன்னிய? மாத்துனதவிட அதுதான் எனக்கு ஆத்திரமா வருது."

ஒரு வாரம் கழித்து அவள் சாமான்களை ஏற்றிப்போக தொம்மை வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். கடலில் காய்ந்து கறுத்த பெரிய ஆள். புத்தகக் கட்டுகளை ஏற்ற ஜாபேசும் கைகொடுத்தார். ஜாய்சி இறங்கவே இல்லை, வண்டியின் முன்சீட்டில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் ஏற்றியான பிறகு தொம்மை வராந்தாவுக்குத் திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். சீலாக் கருவாடு.

"வீட்ல கொடுத்துவிட்டா. எம்பிள்ள எப்ப வந்தாலும் ஒங்க பேச்சுத்தான் அண்ணாச்சி. நீங்க இல்லன்னா என்னைக்கோ ஓடி வந்திருப்பேன்னு சொல்லுவா."

ஜாபேஸ் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது?

தொம்மை குரலைத் தாழ்த்தினார். "எவனோ மீன மாத்திட்டானாமே. யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பாவிடம்கூட அவள் பேரைச் சொல்லவில்லை. ஜாபேஸ் வண்டியைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார். ஒருதரம் சொல்லிப் பட்டது போதாதா என்று விட்டுவிட்டார்.

"தெரியல அண்ணாச்சி" என்றார்.

"அவன் வெளங்குவானா? அவன் குடும்பம் வெளங்குமா?" என்று தொம்மை விம்மினார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. அதைப் பார்த்து ஜாபேசும் உடைந்து, பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

தொம்மை தன் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நீங்க அழாதிய. நீங்க என்ன செய்விய, பாவம்."

ஜாபேஸ் தலையை ஆட்டினார்.