டிவி டாக்டருக்கு நான் கொடுத்த வசனம்

நாடகத்தில் நோயாளியைக் காட்டுகிறவர்கள் ஒரு நோயாளியோடு ஒரே அறையில் ஒரு வாரம் கிடந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. கிடந்திருந்தால் அவனுக்கு அப்படிப் பவுடர் பூசியிருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், கொச்சியில் கொச்சங்காடியில் எங்கள் வரிசைக்கு முதல் டிவி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அத்தா சாக்கு வியாபாரம் செய்தார். தம்பி வீட்டை விட்டு இறங்க முடியாதவன் என்பதால் அவனுக்காக வாங்கினார். கறுப்பு வெள்ளை டிவி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டெல்லியிலிருந்து ஒரு ஹிந்தித் தொடர் வந்தது. அதில் ஒரு பையன். அவனுக்கும் என் தம்பிக்கும் ஒரே நோய், ரத்தம் உறையாத நோய். ஹீமோபிலியா என்று பெயர்.

டிவிப் பையனுக்குச் சுருட்டை முடி, பட்டு ஜிப்பா, ஜன்னலோரம் வெள்ளைக் கட்டில். ரோஜாச் செடியைத் தொடுவான், முள் குத்தும், கைக்குட்டையில் ஒரே ஒரு துளி. கறுப்பு வெள்ளையில் அந்த ரத்தம் மை மாதிரி இருக்கும். உடனே அவன் அம்மா அலறுவாள், வயலின் அழும். அவனோ சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு ஆறுதல் சொல்வான். வாரம் ஒரு துளி, வாரம் ஒரு ஆறுதல். எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தெருப் பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைத் துடைப்பார்கள்.

என் தம்பிக்கு அப்போது பதினான்கு வயது. அவனுக்கு ரத்தம் வெளியே வந்து நான் பார்த்தது குறைவு. எல்லாம் உள்ளேயே போகும். முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி, தோல் பளபளக்கும். மீன் சந்தையிலிருந்து உடைந்த ஐஸ் வாங்கி வந்து சாக்குத் துண்டில் சுற்றி வைப்போம். அறை முழுக்க மத்தி நாற்றம். அவன் கத்துவான், டம்ளரை எறிவான், அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசுவான். பக்கத்து வீட்டுக் குழந்தை கட்டிலருகே வந்தால் கிள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் கிடப்பான். நல்லவன் இல்லை அவன். நோவு ஒருவனை நல்லவனாக்கும் என்று யார் சொன்னது? பல்வலி வந்தால் நீங்கள் நல்லவராகிவிடுகிறீர்களா?

நாடகம் ஓடும்போது அவன் வலியில் முனகினால் முன்வரிசையில் இருக்கும் சேச்சி திரும்பிப் பார்த்து, "ஒண்ணு மிண்டாதிரி மோனே, ஒண்ணும் கேக்க வய்யா" என்பாள், கொஞ்சம் பேசாமல் இரு, ஒன்றும் கேட்க முடியவில்லை என்று. டிவிப் பையனுக்காக அழுத கண்ணீர் கன்னத்தில் காயாமல் இருக்கும்போதே அதைச் சொல்வாள். நான் அவளை முறைப்பேன். தம்பி மட்டும் சிரிப்பான்.

"அக்கா, அவனுக்கு நோவு இல்ல. பவுடர்தான் இருக்கு" என்பான்.

ஹிந்தி தெரிந்தவள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் படித்தது போதாதென்று தனியாகப் பரீட்சையும் எழுதியிருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடிகர்கள் மூச்சு விடும் இடைவெளியில் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லிக்கொண்டே போவேன். நான் சொல்வதுதான் கதை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

தம்பிக்கு நோய் என்பது ஐந்து வயதில் சுன்னத் செய்தபோதுதான் தெரிந்தது. ரத்தம் நிற்கவில்லை. அத்தா சுன்னத் செய்த ஒஸ்தாவின் கை சரியில்லை என்று தெருவெல்லாம் சொன்னார். பிழைப்புப் போய், அந்த மனிதர் ஊரை விட்டே போய்விட்டார். பிறகு எனக்குப் பதினாறு வயதானபோது எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் என்னையும் அத்தாவையும் உட்கார வைத்து, காகிதத்தில் வட்டமும் சதுரமும் போட்டு விளக்கினார். இது அம்மாவின் ரத்தத்தில் வருவது. பெண்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அவர்கள் சுமப்பார்கள், அவர்களுடைய ஆண் பிள்ளைகளுக்கு வரலாம். பென்சில் முனையை ஒரு வட்டத்தில் வைத்து, "இது மோள்" என்று என்னைக் காட்டினார். எனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெளியே வந்ததும் அத்தா அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். "உன் அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உனக்குக் கல்யாணம் இல்ல" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் வேண்டியிருந்தது. அந்த மத்தி நாற்றத்தை விட்டு எங்கேயாவது போக வேண்டியிருந்தது.

பத்தொன்பது வயதில் பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய அம்மா, எனக்கு மாமியாகப் போகிறவர்கள், என்னைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வந்த நேரம் நாடக நேரம். தெருப் பெண்கள் பாயில், மாமி நாற்காலியில், தம்பி மூலையில் கட்டிலில். அம்மா உள்ளே சாயா கலக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து அந்தத் தொடரில் ஒரு டாக்டர் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பையனின் அம்மாவிடம் சொன்னார்: இது உங்களிடமிருந்து வந்தது. உங்கள் மகளிடமும் இருக்கலாம். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தால் அதற்கும் வரலாம். டிவியில் பையனின் அக்காவை நெருக்கத்தில் காட்டினார்கள். அவள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன மோளே சொல்றாரு?" என்று மாமி கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒரு முறை கட்டிலைப் பார்த்தார்கள்.

கூடமே என் வாயைப் பார்த்தது. நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள், என் நாக்கு புரண்டது.

"புள்ள வயித்துல இருக்கும்போது அதைக் கலைக்க அந்த அம்மா மருந்து தின்னாளாம். கலையல. அந்த மருந்துதான் புள்ள ரத்தத்தைக் கெடுத்துடுச்சாம்" என்றேன்.

"அப்போ குடும்பத்துல வர்றது இல்லல்லோ?"

"இல்ல மாமி. அம்மா செஞ்ச வேலை."

சாயாத் தட்டோடு அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். தெருப் பெண்களின் பார்வை டிவியிலிருந்து கட்டிலுக்குப் போய், கட்டிலிலிருந்து அவளிடம் வந்தது. அம்மா தட்டைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"ஆமா. நானும் தின்னேன். இவன் வயித்துல இருக்கும்போது."

மாமி சாயாவை எடுத்துக் குடித்தார்கள். எல்லாம் அல்லாவின் விதி என்றார்கள். அந்த மாதமே நிக்காஹ் பேசி முடித்தார்கள்.

என் அம்மாவை அன்று நான் மனதுக்குள் எப்படிக் கொண்டாடினேன் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாதவள், ஒரே நொடியில் என் பொய்யைப் பிடித்து, அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாளே என்று. என் கல்யாணத்துக்காக ஊர் முன்னால் கொலைகாரிப் பட்டம் வாங்கிக்கொண்டாளே என்று.

மூலையில் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அவனை அப்போது யாரும் நினைக்கவில்லை, நானும்தான்.

அன்று மத்தியானத்திலிருந்து அவன் அம்மா கையால் சாப்பிடவில்லை. "அன்னிக்குப் போட்டது பத்தாதா? இன்னும் கொஞ்சம் கலந்திருப்ப" என்றான். கால் வீங்கினால் நானோ அத்தாவோதான் ஐஸ் வைக்க வேண்டும். அம்மா கை பட்டால் வீங்கிய காலாலேயே உதைப்பான். தெருப் பெண்கள் அம்மாவிடம் பேசுவதைக் குறைத்தார்கள், நாடகம் பார்க்க வருவதை மட்டும் குறைக்கவில்லை. கடைசி வாரம் டிவிப் பையன் அம்மா மடியில் தலை வைத்து, சிரித்தபடி செத்தான். எல்லாரும் விம்மினார்கள். தம்பி கட்டிலிலிருந்து, "எனக்கு மடி வேணாம். தலகாணி போதும்" என்றான். அம்மா எழுந்து உள்ளே போனாள்.

நிக்காஹ் முடிந்தது. சுள்ளிக்கல்லில் நன்றாகத்தான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். அடுத்த வருடம் ஏழாம் மாதத்தில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் அம்மா அடுக்களையில் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மனது நிறைந்து போயிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு எனக்காக எல்லார் முன்னாடியும் அப்படியொரு பொய் சொன்னியேம்மா. நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றேன்.

"என்ன பொய்?" என்றாள்.

"மருந்து தின்னேன்னு."

கத்தியைக் கீழே வைத்தாள். "தின்னேனே. கடை முடங்கிக் கிடந்த வருஷம். உனக்கே சோறு இல்ல. யாருக்கும் தெரியாம வாங்கித் தின்னேன். அது கலையாம நின்னுடுச்சு. பொறந்ததுலேர்ந்து எனக்கு அதான் பயம், நான் தின்னதுதான் இவனை இப்படி ஆக்கிச்சோன்னு. டிவியில டாக்டரே சொல்லிட்டாருன்னு நீ சொன்னப்போ இனி மறைச்சு என்னன்னு தோணுச்சு."

"டாக்டர் அப்படிச் சொல்லலைம்மா. நான் சொன்னது."

"அப்போ அவரு என்ன சொன்னாரு?"

சொன்னேன். வட்டமும் சதுரமும், எர்ணாகுளத்து டாக்டர், அத்தா கிழித்த காகிதம், எல்லாம். பால் பல் விழுந்து ரத்தம் நிற்காமல் மௌத்தான அவளுடைய அண்ணனை அவளே எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

"மருந்துனால இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

"இல்லம்மா. மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கப்பைத் தோலுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். நான் எழுந்தேன். "இப்பவே போய் அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உன் மாமிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவனுக்குக் கோபம் வந்தா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவான். சுள்ளிக்கல் எவ்வளவு தூரம்? வயித்துப் புள்ளையோட உன்னை இங்கயே விட்டுட்டாங்கன்னா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். "என்னைப் பத்தி அவன் அப்படியே நெனச்சுட்டுப் போவட்டும். எனக்குப் பழகிடுச்சு."

நான் திரும்ப உட்கார்ந்தேன். வெட்கத்தோடு உட்கார்ந்தேன் என்று எழுத ஆசைதான். நிம்மதியோடு உட்கார்ந்தேன்.

எனக்குப் பெண் பிறந்தது. பேத்தியா என்று மாமி முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் தம்பி நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான். காயமே இல்லை. மறுநாள் தலை வலிக்கிறது என்றான், வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே கண் ஒரு பக்கமாகப் போயிருந்தது. வயலினும் இல்லை, வெள்ளைக் கட்டிலும் இல்லை. வார்டில் அடுத்த கட்டில்காரர் தன் கஞ்சிப் பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மத்தியானம் டாக்டர் அத்தாவைத் தனியே அழைத்துப் பேசினார். அத்தா வந்து, இனி ஒன்றும் செய்ய முடியாதாம், வாயில் தண்ணீர் கொடுங்கள் என்றார்.

அம்மா டம்ளரை அவன் உதட்டருகே கொண்டு போனாள். பாதி நினைவில் கிடந்தவன், யார் கை என்று எப்படித் தெரிந்துகொண்டானோ, வாயை இறுக மூடிக்கொண்டான். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் மூடினான். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தக் கட்டிலருகே மாமியும் நின்றிருந்தார்கள்.

நான் அம்மா கையிலிருந்து டம்ளரை வாங்கி, அவன் தலையைத் தூக்கி, "அக்காடா" என்றேன். வாயைத் திறந்து குடித்தான்.