அடுத்த தவணை

தங்கச்சிக்கு முதல் பதில் வந்த காலையில் நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சுபஹ் தொழுத உடுப்போடு வந்து நிலைக்கதவருகே நின்றாள். கையில் போன். திரையின் வெளிச்சம் அவளுடைய நாடியில் விழுந்திருந்தது. "ராத்தா, ஒண்டு வந்திட்டு" என்றாள். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. நல்ல செய்தி கொண்டு வருகிறவர்கள் வாசலில் நிற்பதில்லை, உள்ளே வந்துவிடுவார்கள். "தேத்தண்ணிய ஊத்திக் குடி" என்று மட்டும் சொன்னேன். ஊற்றினாள். சீனி போட மறந்து அப்படியே குடித்து முடித்தாள்.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் கதை எழுதுவதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. இடம் கிடைத்தால் அவர்களே செலவையும் பார்த்துக்கொள்வார்கள், பதிலுக்கு முதல் வருட மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். கல்முனையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த என் தங்கச்சி இதைத் தானாகவே தேடிக் கண்டுபிடித்து, மாரி மழைக்குள் விண்ணப்பங்களை அனுப்பினாள். வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழங்காலளவு வெள்ளமாக இருந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. வந்த நேரமெல்லாம் அவள் கணினிக்கு முன்னால் இருந்தாள். உம்மாவுக்கு இதில் ஒன்றுதான் விளங்கவில்லை. "எழுதுறதத்தான் நீ இஞ்ச இரிந்தும் எழுதுறாயே, அதுக்கு என்னத்துக்கு அங்க போகணும்?" என்று ஒருநாள் கேட்டா. தான் எழுதுவதை வாசிக்க இங்கே ஆளில்லை என்றாள் தங்கச்சி. அது உண்மைதான். அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். வாசித்தவள் நான் ஒருத்திதான். என் ஆங்கிலம் நான் வேலை செய்யும் பிரதேச செயலகத்துக்கு வரும் சுற்றறிக்கைகளோடு நின்றுவிடுகிற ஆங்கிலம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் என் கணவர் வேறோர் ஊரில் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு போனபோது, போனது அவர்தான். நான் என் வீட்டிலேயே இருந்தேன். அதே வளவில் தங்கச்சிக்கென்று தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பி நின்றது. வாப்பா மௌத்தாகி அவரை அடக்கிய பிறகு அது அதற்கு மேல் வளரவில்லை. உம்மா ஒவ்வொரு பின்நேரமும் அந்தச் சுவர்களுக்குள் போய்ச் சருகு கூட்டிவிட்டு வருவா. கூரையில்லாத வீட்டைக் கூட்டுவதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டில் மாப்பிள்ளை இல்லை. மற்றவளுக்கு வீடே முடியவில்லை. ஒரு தாய்க்குக் கூட்டுவதற்காவது ஏதாவது இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு ஒரு கதை அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். மழை தொடங்குவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஊரே ஜும்ஆவுக்குப் போயிருந்த அமைதியில், தங்கச்சி என்னருகே வந்து இருந்தாள். "ராத்தா, உங்கட கதைய நான் எழுதட்டா?" என்று கேட்டாள். எந்தக் கதை என்று எனக்குத் தெரியும். விவாகரத்துக் கேட்டு நான் காதி நீதிமன்றத்துக்கு நடந்த கதை. "எழுது. என்ட பேரப் போடாத" என்றேன். பிறகு அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். நீதிமன்றம் கூடும் காதியார் வீட்டு முன்விறாந்தையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகள். மடியில் பிள்ளைகளோடு காத்திருக்கும் பெண்கள். என் பேர் கூப்பிடப்படும், எழுந்து போவேன், எதிர்த்தரப்பு வரவில்லை என்பார்கள், வழக்கின் அடுத்த தவணைக்கு ஒரு திகதி சொல்வார்கள். காதியார் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்தது. வராதவரை எப்படிக் கொண்டுவருவது? தவணை தவணையாகப் போய், ஒருநாள் ஒரு வழியாக எல்லாம் முடிந்தது. ஆட்டோவில் திரும்பி வந்தேன். அன்று அழுதேனா என்று தங்கச்சி கேட்டாள். அது ஞாபகமில்லை. பசித்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

அவள் எழுதி முடித்ததை நான் இரண்டு நாளாக மெல்ல மெல்ல வாசித்தேன். தெரியாத சொற்களை அவளிடமே கேட்டேன். என் வாழ்க்கையை இன்னொரு மொழியில் பார்ப்பது, யாரோ என் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பது போல இருந்தது. அந்த ஆங்கிலத்துப் பெண் என்னைவிட நிமிர்ந்து நடந்தாள். என்னைவிட நல்ல சொற்களில் மௌனமாக இருந்தாள். "சரியா ராத்தா?" என்று கேட்டாள் தங்கச்சி. சரி என்றேன். அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு காத்திருப்பு. உலகமெங்குமிருந்து விண்ணப்பித்தவர்கள் தங்களுக்கு வந்த பதிலை எழுதிப் போடும் இணையப் பக்கம் ஒன்று இருந்தது. தங்கச்சி பாடசாலை இடைவேளையிலும் பஸ்ஸிலும் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அதைப் பார்த்தபடி இருப்பாள். இடம் கிடைத்தவர்களைத் தொலைபேசியில் அழைத்தே சொல்வார்களாம். இன்ன இடத்தில் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் அன்று முழுக்க அவளுக்கு உயிர் போனில்தான் இருக்கும். ஒரு தடவை நீளமான வெளிநாட்டு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. குளித்துக்கொண்டிருந்தவள் தலையில் சவர்க்கார நுரையோடு கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். கட்டாரிலிருந்து மாமாவின் மகன், புது இலக்கம் எடுத்திருக்கிறாராம், காணி உறுதிப் பத்திரம் ஒன்றைப் பற்றி உம்மாவிடம் கதைக்க வேண்டுமாம். போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் திரும்பிக் கிணற்றடிக்குப் போனாள். வாளி கிணற்றுக்குள் விழும் சத்தம் கேட்கப் பிந்தியது. நான் எட்டிப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

உம்மாவுக்குக் காத்திருப்பின் இலக்கணம் வேறு வழியில் தெரியும். தங்கச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு மூன்று வீட்டாரிடமிருந்து பதில் வராமல் போயிருந்தது. "நல்ல பதிலெண்டா அண்டைக்கே சொல்லி அனுப்புவாங்க. பிந்தினா இல்லையெண்டுதான் அர்த்தம்" என்பா. அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று தங்கச்சி என்னிடம் சொன்னாள். வேண்டியவர்களை முதலில் அழைத்துவிட்டு, மற்றவர்களுக்கு ஆறுதலாக எழுதுவார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நோன்பு தொடங்கியது. அங்கே பகலாக இருக்கும்போது இங்கே நாங்கள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புவோம். பதில்கள் அந்த நேரத்தில்தான் வந்தன. பின்னால் அவளே திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். விடிந்த பிறகு போனை என்னிடம் நீட்டுவாள், நான் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டுவேன். எனக்கு முழுவதும் வாசிக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் அப்படியான கடிதங்களை எழுதுவதே என் வேலைகளில் ஒன்று. தங்கள் கோரிக்கை கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது என்று தொடங்கும், இருந்தபோதிலும் என்று திரும்பும். அந்த 'இருந்தபோதிலும்' எந்த மொழியில் இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களுக்கு நான் தயாரித்து மேலதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்பிய கடிதங்களை எத்தனை பேர் இப்படி விடியற்காலையில் பிரித்திருப்பார்கள் என்று அந்த மாதம்தான் யோசித்தேன்.

ஆனால் எனக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தது தங்கச்சியின் எழுத்து மட்டுமா? அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் நான் இருந்த இருப்பு முழுவதும், முகம் தெரியாத யார் யாரோ வாசித்துப் பார்த்து, இது போதாது என்று திருப்பி அனுப்புவது போலிருந்தது. நாலாவது பதில் வந்த அன்று நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"என்ட கதையாலயா கிடைக்கல்ல?"

தங்கச்சி அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கட கதைக்கு ஒரு குறையுமில்ல ராத்தா. நான் எழுதினதுலதான் குறை" என்றாள். நான் நம்பினேனா என்று தெரியாது. இரண்டு பேரும் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தோம். பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைப் பாதியாகப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மிஞ்சியிருந்தது ஒரேயொரு இடம். அங்கிருந்து வந்த கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன், அதில் 'இருந்தபோதிலும்' இல்லை. அனுமதியுமில்லை. காத்திருப்போர் பட்டியலில் அவளுடைய பெயர் இருக்கிறதாம், இடம் கிடைத்தவர்களில் யாராவது வராமல் விட்டால் அறிவிப்பார்களாம், எப்போது என்று சொல்ல முடியாதாம். அதைச் சொன்னபோது தங்கச்சி நிலத்தில் இருந்துவிட்டாள். "ஒனக்கும் தவணை போட்டிட்டாங்க" என்றேன். நான் பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நிற்காமல், முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் போய் இருந்தேன். காத்திருந்து பழகியவர்களுக்குக் காத்திருப்பு இலேசாகிவிடும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எங்கே வலிக்கும் என்று முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் அந்த இணையப் பக்கத்தைப் பார்க்கவில்லை. பாடசாலைக்குப் போனாள், வந்தாள், பரீட்சைத் தாள் திருத்தினாள். வெயில் ஏறி, கடற்காற்றும் சூடாகிவிட்ட நாட்கள் அவை. உம்மா ஒரு புதிய சம்பந்தத்தைப் பற்றிக் கதைத்தபோது, சரி, வந்து பார்க்கச் சொல்லுங்க என்றாள். அந்தக் குரலில் எதிர்ப்பு இருந்திருந்தால் உம்மா சந்தோஷப்பட்டிருப்பா என்று நினைக்கிறேன். வரச் சொல்வதை உம்மா தள்ளிப் போட்டுக்கொண்டே போனா.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நான் உடுப்புத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சி வந்தாள். இம்முறை தூரத்தில் நிற்கவில்லை. ஈர உடுப்புகளுக்கு நடுவே நுழைந்து வந்து என் தோளில் நெற்றியை வைத்தாள். யாரோ ஒருவர் வரவில்லையாம். அந்த இடம் இவளுக்காம். உம்மாவிடம் போய்ச் சொன்னோம். உம்மா முதலில் கேட்டது, "பிந்தியும் நல்ல பதில் வருமா?" என்றுதான். பிறகு எத்தனை வருஷம் என்று கேட்டா. தனியாகவா என்று கேட்டா. இரவெல்லாம் அழுதிருப்பா போல, மறுநாள் கண் வீங்கியிருந்தது. ஆனால் அந்தக் கிழமையே மேசனைக் கூப்பிட்டு, கூரை மட்டத்துக்குச் சுவரைக் கட்டச் சொன்னா. "திரும்பி வந்தா இருக்க அவளுக்கு வீடு வேணுமே" என்றா.

அவளை விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏற்றிவிட்ட அன்று எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொன்னால், பெருமை இல்லை, துக்கமும் இல்லை. நித்திரைதான் வந்தது. வீட்டுக்குள் போய்ப் பின்நேரம்வரை உறங்கினேன். விழித்தபோது உம்மா தங்கச்சியின் வீட்டுச் சுவர்களுக்குள் சருகு கூட்டும் சத்தம் கேட்டது. இனி இந்த வளவில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பது அப்போதுதான் மனதில் இறங்கியது.

போன சனிக்கிழமை காலை தங்கச்சி அழைத்தாள். அங்கே வெள்ளிக்கிழமை பின்நேரம். குளிர் தொடங்கிவிட்டதாம், தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கியிருக்கிறாளாம். பிறகு மெல்லத்தான் விஷயத்துக்கு வந்தாள். வகுப்பில் அவளுடைய கதையை எடுத்தார்களாம், என் கதையை. மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்து கதைப்பார்களாம், எழுதியவள் மட்டும் வாய் திறக்கக் கூடாதாம், அது அங்கத்தைய சட்டம். நல்லது பலதும் சொன்னார்களாம். ஆனால் அதிகமானோர் ஒன்றையே கேட்டார்களாம்.

"அந்தப் பொம்பளைக்கு ஏன் கோபமே வரல்ல எண்டு கேட்டாங்க ராத்தா. அப்பிடி ஒருத்தி இரிப்பாளா, நம்ப ஏலாம இரிக்கி எண்டாங்க. எனக்குக் கதைக்க ஏலாதே. வாய மூடிட்டு இரிந்தன்."

"இப்ப எனக்கிட்டக் கேக்கியா?"

"ஓம்."

நான் ஜன்னலடியில் போய் நின்றேன். அமெரிக்காவில் ஒரு மேசையைச் சுற்றி, நான் கண்டேயிராத பிள்ளைகள் என் கோபத்தைத் தேடியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இங்கே யாரும் அதைக் கேட்டதேயில்லை.

"கோபம் வந்திச்சு" என்றேன். "முதல் தவணைக்கு வந்திச்சு. ரெண்டாம் தவணைக்கும் வந்திச்சு. மறுகா, அதையும் சுமந்துக்கிட்டு அவ்வளவு தூரம் போய்வர ஏலாமப் போயிட்டு. அதால வீட்டுலயே வச்சிட்டுப் போனன். அவ்வளவுதான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய சத்தமொன்று கேட்டது, விரல்கள் விசைப்பலகையில் வேகமாக ஓடும் சத்தம். நான் சொன்னதை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று விளங்கியது. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை நின்றேன்.