ஜூட் அண்ணா மாஸ்க் போட்டவர்

ஜூட் அண்ணா செத்துப்போனார். நேற்று, ஆஸ்பத்திரியில்.

"காலமானார்" என்று எழுத மனம் வரவில்லை. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நான் இங்கே எழுதுகிற ஆள் இல்லை. மற்றவர்களின் போட்டோவுக்கு லைக் போடுவதோடு சரி. ஆனால் இன்றைக்கு கொட்டாஞ்சேனையில் செத்த வீட்டில் ஒரு கதை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்... சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் மனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே யாரோ ஒருவருக்குச் சொன்னார்: "என்ன செய்யிறது... நாங்கள் விலை கூடின மாஸ்க் எடுத்துக் குடுத்தனாங்கள். போட்டால்தானே."

போட்டால்தானே!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்மலானையில் ஒரு கல் வெட்டும் பட்டறையில் எனக்கு வேலை. வெள்ளவத்தையிலும் கொம்பனித்தெருவிலும் எழும்புகிற புது ஃபிளாட்டுகளில், சமையலறை பன்ட்ரி மேடைக்கு மேலே பளபளவென்று ஒரு கல் பதித்திருப்பார்களே, அது எங்கள் பட்டறையில் அறுப்பது. ஜூட் அண்ணா கல் அறுப்பவர். நான் ஸ்டோரில். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு லேசான வேலை என்று மாஸ்க் பார்க்கும் வேலையைத் தந்தார்கள்.

அது காதில் மாட்டுகிற மாஸ்க் இல்லை. தலை முழுவதையும் மூடும் ஹூட். இடுப்புப் பட்டியில் பற்றரியோடு ஒரு புளோவர். அது காற்றை பில்டர் வழியாக இழுத்து, ஒரு குழாயால் ஹூட்டுக்குள் அனுப்பும். காலையில் நான் பற்றரி பார்க்க வேண்டும். குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு பிளாஸ்டிக் ரியூப்பைப் பொருத்தி, அதற்குள் இருக்கும் குட்டிப் பந்து கோட்டுக்கு மேலே எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பினால் காற்று போதும்.

முதல் நாள் எனக்குக் குரலே வரவில்லை. ஹூட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். "என்ன தங்கச்சி, வாயை வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா? பரவாயில்ல, நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைக்கிறன்" என்றார் ஜூட் அண்ணா.

உண்மையாகவே கதைத்தார். ஹூட்டுக்குள் இருந்துகொண்டும் கதைப்பார். ஒன்றும் விளங்காது.

மற்றவர்கள் புழுக்கத்தில் ஹூட்டைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். ஜூட் அண்ணா வெட்டுகிற அறைக்குள் ஒருநாளும் தூக்கியதில்லை. "என்னடா, பொம்பிளை மாதிரி முக்காட்டோட திரியிறாய்?" என்று நக்கல் அடிப்பார்கள். "இந்த மூஞ்சி சும்மா காட்டுற மூஞ்சியாடா? டிக்கெட் எடுத்துட்டு வா" என்பார்.

பில்டர் அடைத்துப்போனால் புளோவர் கீகீ என்று கத்தும். அப்போது புது பில்டர் போட வேண்டும். ஸ்டோரில் புதிது இல்லை. கப்பலில் வருகிறது என்றார்கள். எப்போது கேட்டாலும் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது.

அதனால் சுப்பர்வைசர் கொம்பிரசரை எடுத்து, பில்டருக்குள் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவார். பில்டர் பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. காற்றடிக்கிற துப்பாக்கி, அதன் மேலே சிவப்புக் கோடு. அதைப் பார்க்க எந்தப் பாஷையும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

காற்றடித்தபிறகு ரியூப்பில் பந்து உச்சிக்கே போகும். புது பில்டரில்கூட அவ்வளவு உயரம் போனதில்லை. "பாத்தியா நங்கி, புதுசு மாதிரி!" என்று சுப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஏன் போகாது? உள்ளே கிழிந்திருந்தது. கிழிந்த பில்டரில் காற்றுக்கு என்ன தடை? தூசிக்குத்தான் என்ன தடை? கத்துகிற புளோவரும் வாயை மூடிக்கொள்ளும்.

எனக்கு அது ஹூட்டைத் துடைக்கும்போது தெரிந்தது. வெளிப்பக்கத்தில் தூசி இருக்கலாம். உட்பக்கத்தில் இருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தேன்... அரிசி மா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஜூட் அண்ணாவிடம் காட்டினேன். அவர் என்னையும் துணியையும் நேரே சுப்பர்வைசரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை சொல்றத ஒருக்கா பாருங்க சேர்."

"அவள் எங்க சொன்னவள்? துணியைத்தானே காட்டுறாள். ஊமைக்கு நீ வக்கீலோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பந்து எழும்புகிறது, சத்தமும் இல்லை, போய் வெட்டு என்றார். ஜூட் அண்ணா போய் வெட்டினார். அதே பில்டரோடு.

பிறகு இருமல். பிறகு பஸ் படியில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது. எக்ஸ்ரே பார்த்த டொக்டர், நுரையீரல் முழுக்க கல்தூசி என்றாராம். அவர் வேலைக்கு வராமல் நின்ற அடுத்த நாளே அந்த ஹூட்டை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.

இன்றைக்கு மனேஜர் அப்படிச் சொன்னதும் மெரினா அக்கா தலையைத் தூக்கினார். ஜூட் அண்ணாவின் மனைவி.

"தங்கச்சி, நீங்கதானே மாஸ்க் குடுக்கிறது? இவர் போடலையா? போடுறன் போடுறன்னு என்கிட்ட சொன்னாரே... பொய்யா சொன்னாரு?"

அக்காவுக்கு மனேஜர் மேலே கோபமில்லை. பெட்டிக்குள் கிடக்கிறவர் மேலே கோபம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"போட்டவர்" என்றேன்.

"இவ சின்னப் பிள்ளை, இவவுக்கு என்ன தெரியும்?" என்றார் மனேஜர்.

"போட்டவர் அக்கா! ஒவ்வொரு நாளும் போட்டவர். பில்டர்தான் கிழிஞ்சது. காத்தடிச்சுக் கிழிச்சவை. நான் துணியில காட்டினனான், இவைக்குத் தெரியும்!"

கத்திவிட்டேன் போல. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மனேஜர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

மெரினா அக்கா பெட்டியில் கையை வைத்து, "பொய் சொல்லல இவர்" என்றார். பிறகுதான் அழுதார்.

பின்னேரம் பட்டறையில் இருந்து கோல் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாமாம். சரி.

அங்கே இன்னும் கல் அறுக்கிற அண்ணாமார் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் ஹூட்டின் உட்பக்கத்தை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பந்தை நம்ப வேண்டாம்.

நாளைக்குப் பின்னேரம் அடக்கம். வருகிறேன், ஜூட் அண்ணா. அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்... நீங்கள் படுங்கோ.