பதினோராவது வாக்கியம்

அந்தக் கேள்வித்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இத்தனை நாளும் பெங்களூர் மர்பி டவுன் வீட்டு பீரோவில், ஓய்வு பெற்ற உத்தரவுக்கு அடியில் இருந்தது. மாணவர்களின் கற்கும் ஆர்வத்தையும் இலக்கையும் அளப்பதற்காக நானே எழுதிய இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள், ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை.

நான் அப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் பிரிவின் தலைமைப் பயிற்றுநர். தபால் வழியில் கல்வி உளவியல் படித்து முடித்திருந்தேன். எதையும் எண்ணாக்கிவிடலாம் என்ற கர்வம் அந்தப் படிப்போடு வந்தது. தாளைக் கொடுத்த காலையில் பட்டறை முழுக்கக் கூலன்ட் எண்ணெய் வாசனை. ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் இரும்புச் சுருள்கள் மின்னின. அந்த வாசனைக்காகவே இப்போதும் சில நாள் நிலையம் இருக்கும் தெரு வழியாக நடக்கிறேன்.

“டேய், சார் இன்னைக்கு நம்ம ஆசைய அளக்கப் போறாராம்.”

“எதுல, ஸ்கேல்லயா?”

“வெர்னியர்லடா. உனக்கிருக்கிற ஆசை ஸ்கேல்ல தெரியாது.”

நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அதற்கு ‘ஆசைப் பேப்பர்’ என்றே பெயர்.

அந்தப் பிரிவில் ஒரே ஒரு பெண். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். இரண்டு மணி நேரப் பயணம் செய்பவள்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து லேத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியபின் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. அத்திபெலே பக்கம் ஒரு தொழிற்சாலை ஆண்டுதோறும் எங்களிடமிருந்து நான்கு பேரை அப்ரன்டிஸாக எடுக்கும். “இது கெடச்சாத்தான் சார் வீட்ல விடுவாங்க. இல்லன்னா கார்மென்ட்ஸ்தான்” என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

அந்த ஆண்டு என் தாளின் மதிப்பெண்படி நால்வரை அனுப்புவது என்று முடிவாயிற்று. மதிப்பெண் வரிசையில் அவள் கடைசியில் வந்தாள்.

பதினோராவது வாக்கியம் இது: ‘யாரும் சொல்லாவிட்டாலும் புதிய வேலையை நானாகவே தொடங்குவேன்.’ அவள் குறித்திருந்தது ‘ஒருபோதும் இல்லை’. அடுத்த இரண்டும் அதே ஜாதி: தெரியாத இயந்திரத்தைத் தொட்டுப் பார்ப்பேன், அனுமதிக்குக் காத்திருக்கமாட்டேன். அவற்றுக்கும் அதே கட்டம். அந்த மூன்றுக்கும் நான் இரட்டை மதிப்பெண் வைத்திருந்தேன்.

உதவிப் பயிற்றுநர் பெங்களூர் நீலசந்திராக்காரர். அவருக்குத் தாய்வழிச் சொந்தமெல்லாம் தங்கவயல். தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“சார், ஸ்வல்ப இத பாருங்க. சுரங்கத்துல வெடி வெச்சப்புறம் மேஸ்திரி சொல்ற வரைக்கும் ஒருத்தனும் உள்ள கால் வெக்கமாட்டான். வெச்சவன் திரும்ப வரமாட்டான். சொல்லாம எதையும் தொடாதேன்னு சொல்லிச் சொல்லி வளத்த புள்ள சார். வேற எப்படி டிக் போடும்?”

“ஆளுக்கு ஆள் அளவ மாத்த முடியுமாப்பா?”

“வெர்னியரயே அளக்கறதுக்கு முன்னாடி ஜீரோ எரர் பாக்கச் சொல்றீங்களே சார். கருவி சரியா இருக்கான்னு.”

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. ஆனால் மறுவாரம் மற்ற நிலையங்களின் முதல்வர்கள் முன்னால் இந்தத் தாளைப் பற்றிய என் அறிக்கையை வாசிக்கவேண்டும். ஒரு தாள் தவறென்றால் மொத்த அட்டவணையும் தவறு. பட்டியலை அப்படியே அனுப்பினேன். அறிக்கைக்கு நல்ல கைதட்டல்.

அவள் வந்து நின்றாள். “நான் எதுல சார் கம்மி?”

“ஆர்வம் பத்தலம்மா.”

கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்தாள். “சரிங்க சார்.” அடுத்த வாரம் முதல் அவளுடைய லேத்தைத் துடைக்க நான் முறை போடவேண்டியிருந்தது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அத்திபெலே போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் கார்மென்ட்ஸ் பெண்களின் கூட்டத்திலிருந்து ஒருத்தி விலகி வந்தாள். முன்நெற்றியில் நரை.

“சார், என்னைத் தெரியுதா? இங்கதான் சார், சாயங்காலம் அஞ்சரைக்கு விடுவாங்க. தெனம் இதே பஸ்தான்.” பிறகு சிரித்துக்கொண்டே, “அந்த ஆசைப் பேப்பர்ல நான் என்ன சார் தப்பா எழுதினேன்? இன்னும் வெளங்கல.”

“ஞாபகம் இல்லையேம்மா” என்றேன்.

ஒவ்வொரு கட்டமும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, இப்போது என் நாற்காலியில் இருக்கும் அந்த நீலசந்திராக்காரருக்கு போன் செய்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, மூன்றையும் எடுத்துவிடச் சொன்னேன்.

“அத நீங்க ரிடையர் ஆன வாரமே எடுத்துட்டேன் சார்” என்றார். குரலில் குத்தல் இல்லை.

ஆக, தாளில் நான் திருத்த எதுவும் மிச்சமில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மூன்றரை மணி பஸ் பிடித்தால் அஞ்சரைக்கு முன்னால் அத்திபெலே போய்விடலாம்.